காந்தம் ஒட்டாத துருப்பிடித்த இரும்பு: புக்கிட் பாத்தோக் மண்ணில் கிடைத்த வரிப் பலகை என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் உள்ள சமூகத் தோட்டத்தில் வாழைக்கன்று நடக் குழி தோண்டியிருக்கிறீர்கள். இரண்டடி ஆழத்தில் கடப்பாரை இரும்பில் மோதியது. மூன்று பேர் சேர்ந்து புரட்டி வெளியே எடுத்த பலகை 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், மிகத் தடித்த இடத்தில் 7 செ.மீ. கனம். ஒரு பக்கம் தகரக் கூரைபோல மேடும் பள்ளமுமாக நெடுக்குவாட்டில் வரிகள், மறுபக்கம் தட்டை. மேனி முழுதும் செம்பழுப்புத் துரு. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து வைத்தால் ஒட்டவில்லை. நண்பர் துளையிட முயன்றதில் இரண்டு பிட்டுகள் கருகிப்போயின. “இது ஜப்பானியர் காலத்து டாங்கியின் துண்டா? விலை போகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: துருப்பிடிக்கிற இரும்பில் காந்தம் ஏன் ஒட்டவில்லை? அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானே அவிழ்ந்துவிடும்.

முப்பது ஆண்டுகளுக்குமேல் நான் பராமரிப்பு ஃபிட்டராக இருந்தேன். தொடக்கத்தில் உபின் தீவிலும் பிறகு ஜொகூரிலும் கல்லுடைக்கும் கிரஷர்கள், கடைசிக் காலத்தில் கப்பல் பட்டறை. நான் உலோகவியல் படித்தவன் அல்லன். உலோகங்களைக் கழற்றி மாட்டியே கற்றவன். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பலகை மாங்கனீஸ் எஃகால் ஆனது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்றே சொல்லலாம். அது கல்லுடைக்கும் ஜா கிரஷரின் தாடைத் தகடு, நாங்கள் ‘ஜா பிளேட்’ என்று சொல்வது, என்பதற்குப் பெரும் வாய்ப்பு இருக்கிறது. எந்தக் கல்லுடைப்பிலிருந்து வந்தது, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதெல்லாம் ஊகம்தான். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து படிக்காதீர்கள்.

அதற்கு முன் ஒரு சொல். தோண்டுவதைத் தொடர்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உருளையாகவோ, ஒரு முனை கூம்பியோ, வால்பகுதியில் மெல்லிய தகடுகளுடனோ ஏதாவது தட்டுப்பட்டால் கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு, எல்லோரையும் விலக்கிவிட்டு, 999-ஐ அழையுங்கள். அதைக் கழுவிப் பார்க்க வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டுமானத் தளத்தில் கிடைத்த இரண்டாம் உலகப் போர்க் குண்டின் எடை 100 கிலோ. சுற்றுவட்டாரத்திலிருந்து 4,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டு, ராணுவம் அதை இருந்த இடத்திலேயே வெடிக்கச் செய்து அழித்தது. அந்த இடம் உங்கள் வட்டாரத்திலிருந்து வெகு தூரமில்லை. இப்போது உங்கள் கையில் இருக்கும் பலகையால் அந்த ஆபத்து இல்லை. அது உள்ளீடற்ற பொருள் அல்ல, முழுக் கட்டி வார்ப்பு. அடுத்த குழியில் கிடைப்பதைப் பற்றி அப்படி யாரும் உறுதி தர முடியாது.

இனி உலோகம். சாதாரண இரும்பைச் செந்தணலாகக் காய்ச்சிக்கொண்டே போனால் ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் அது காந்தத்தின் பிடியை விட்டுவிடும். சூடு இன்னும் ஏறினால் உள்ளே அணுக்களின் அடுக்குமுறையே மாறிவிடும். ஆறவிட்டால் பழைய அடுக்கு திரும்பும், காந்தமும் மறுபடி ஒட்டும். 1882-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற 23 வயது இளைஞர் எஃகில் மாங்கனீஸை வழக்கத்தைவிடப் பல மடங்கு, 12, 13 விழுக்காடு வரை, சேர்த்துப் பார்த்தார். அந்த எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தபோது, சூட்டில் இருந்த அடுக்கு குளிர்ந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் அதில் காந்தம் ஒட்டாது. இன்னொரு புதுமையும் உண்டு. அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும் என்பது எந்தக் கொல்லருக்கும் தெரியும். இந்த எஃகு நேர்மாறு. தண்ணீரில் தோய்த்தால் முறியாத உறுதி பெறுகிறது. அடிக்க அடிக்கத்தான் கடினமாகிறது, அதுவும் அடிபட்ட மேல்தோல் மட்டும். பிரினெல் அளவுகோலில் ஏறத்தாழ 200-இல் தொடங்கும் கடினம், கல் மோதி மோதி 500 வரை போகும். உள்ளே இருப்பது கடைசிவரை மிருதுவாகவே இருக்கும்.

உங்கள் நண்பரின் பிட் கருகியதற்குக் காரணம் இதுதான். துளைக் கருவியின் முனை அழுத்தியதும் அதன் கீழே உள்ள உலோகம் இறுகிவிடுகிறது. இன்னும் அழுத்தினால் இன்னும் இறுகுகிறது. அவர் கையில் குறையில்லை. துருவும் இதோடு பொருந்துகிறது. காந்தம் ஒட்டாத எஃகு என்றதும் பலர் ஸ்டெயின்லெஸ் என்று நினைப்பார்கள். ஆனால் ஸ்டெயின்லெஸ் பல ஆண்டு மண்ணில் கிடந்தும் இப்படிச் செம்பழுப்பாகப் பொரிந்துபோகாது. மாங்கனீஸ் எஃகோ சாதாரண இரும்பைப் போலவே துருப்பிடிக்கும். செந்துருவும் இருக்க வேண்டும், காந்தமும் ஒட்டக் கூடாது என்றால் வேறு உலோகம் எதுவும் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஓர் எச்சரிக்கை: நல்ல வலுவான காந்தத்தை வைத்தால் சில இடங்களில் லேசாக இழுப்பதுபோலத் தெரியலாம். சூளையில் இருந்தபோது மேல்தோல் எஃகில் உள்ள கார்பனையும் மாங்கனீஸையும் கொஞ்சம் இழந்திருக்கும். அந்த மெல்லிய தோலுக்குக் காந்த குணம் உண்டு. எனவே ஒரு மூலையில் விரல் நகம் அளவு இடத்தை கிரைண்டரால் பளபளவென்று தேய்த்துவிட்டு அங்கே காந்தத்தை வைத்துப் பாருங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். மாங்கனீஸ் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

அடுத்து வடிவம். ஜா கிரஷர் என்பது பெயருக்கேற்பத் தாடைதான். இதற்கான காப்புரிமையை 1858-இல் அமெரிக்காவின் ஈலை விட்னி பிளேக் பெற்றார். செங்குத்தாக ஒரு நிலைத் தாடை. அதற்கு எதிரே, நடுவில் உள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும்படி சாய்ந்து நிற்கும் ஓர் அசையும் தாடை. மேலே கருங்கல் பாறையைக் கொட்டினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 250, 300 முறை அந்தத் தாடை நெருங்கி விலகி, கல்லைக் கடித்துக் கடித்துக் கீழே தள்ளும். இரண்டு தாடைகளின் முகத்திலும் வரியுள்ள தகடுகள் பூட்டப்பட்டிருக்கும். ஒன்றின் மேடு எதிரே உள்ளதன் பள்ளத்துக்கு நேராக நிற்கும். அப்போதுதான் கல் நசுங்குவதற்குப் பதிலாக வளைந்து முறியும். தகடு தேயும், மாற்றுவார்கள். செருப்பு தேய்ந்தால் மாற்றுவதுபோல அது அன்றாட வேலை.

உபினில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பூட்டுப் போட்டு, தாடைக்குள் இறங்கினார். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை மேலிருந்து கீழாக வரிகளின்மேல் இழுத்தார். மேலே விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. கீழே வரவர வரியே இல்லாமல் ஆற்றுக் கல்போல வழவழப்பாகிவிட்டது. “கீழ்வாய் போய்விட்டது, தலைகீழாகத் திருப்பிப் போடு” என்றார். அன்றுதான் எனக்கு அது விளங்கியது. கல் கடைசியாகக் கடிபடும் கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும். அதனால் பல தகடுகளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும்படியே வார்த்திருப்பார்கள். மறுமுனையும் தேய்ந்த பிறகுதான் அது கழிவு இரும்பு.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பலகையின் நடுவில் வரிகள் உயரமாக நிற்கின்றன. இரண்டு முனைகளும் தாழ்ந்து வழவழப்பாகியிருக்கின்றன, ஒரு முனை அதிகமாக, இன்னொன்று குறைவாக. திருப்பிப் போட்டு இரண்டு வாழ்வு வாழ்ந்த தகடு என்று நான் படிப்பது அதை வைத்துத்தான். பக்கவாட்டு ஓரத்தில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல ஓர் உதடு பிதுங்கி நிற்கிறதே, அதுவும் ஒரு சாட்சி. வார்ப்பிரும்பு அடி தாங்காமல் சில்லாகத் தெறிக்கும். மாங்கனீஸ் எஃகு தெறிக்காது, அடியின் கீழ் மெல்ல நகர்ந்து ஓரத்தில் பிதுங்கும். வேலையில் இருந்த தகடுகளில் அந்த உதட்டைத் தேய்த்து எடுப்பதே எங்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. எடையும் ஒத்துப்போகிறது. நீங்கள் தந்த அளவுப்படி முழுக் கட்டியாக இருந்தால் 16,800 கன செ.மீ.; பள்ளங்களுக்கும் தேய்மானத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு கழித்தால் ஏறத்தாழ 11,000. ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம் என்று வைத்தால் 90 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூன்று பேர் சேர்ந்து புரட்டியதற்கு அது சரியான எடை.

தட்டையான பின்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மிருதுவான ஏதோ திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதாகவும், கத்தியால் கீறினால் பளிச்சென்று தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் நேரில் பார்க்க விரும்புவது அதைத்தான். பழைய கிரஷர்களில் தகட்டுக்கும் தாடைக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இருக்க, உருக்கிய துத்தநாகத்தை ஊற்றி நிரப்பும் வழக்கம் இருந்தது. பின்னால் ஆதரவில்லாத இடத்தில் தகடு அசையத் தொடங்கினால் பூட்டு ஆணிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். அந்தத் திட்டு துத்தநாகமாக இருந்தால் என் முடிவு இன்னும் உறுதிப்படும். ஆனால் படத்தை வைத்து துத்தநாகத்தையும் ஈயத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அதைச் சுரண்ட வேண்டாம், சூடாக்கவே வேண்டாம். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்போது மற்ற சாத்தியங்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். டாங்கி என்று நீங்கள் சந்தேகப்பட்டது அடியோடு தவறில்லை. டாங்கிச் சக்கரப் பட்டையின் கண்ணிகளுக்கு மாங்கனீஸ் எஃகைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1942 பிப்ரவரியில் புக்கிட் தீமா வழியே ஜப்பானிய டாங்கிகள் வந்ததும் வரலாறு. ஆனால் கண்ணி என்றால் பக்கத்துக் கண்ணியோடு ஊசி கோத்து இணைக்க இரு ஓரத்திலும் துளைக்குழல்கள் இருக்க வேண்டும். உங்கள் பலகையில் அப்படி ஒன்றும் இல்லை. கண்ணிக்கு இவ்வளவு கனமும் கிடையாது. ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வைக்கும் குறுக்கு வார்ப்பும் இதே எஃகுதான். 2011 ஜூன் 30-ஆம் தேதிவரை புக்கிட் தீமா வழியே மலாயன் ரயில் ஓடியது என்பதால் அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதில் சக்கர விளிம்பு ஓடுவதற்கு ஒன்றிரண்டு ஆழமான தடங்கள் இருக்குமே தவிர, இப்படி வரிசையாக வரிகள் இருக்காது. கப்பல் கொதிகலனின் அடுப்புக் கம்பித் தட்டு, சாக்கடை மூடி ஆகியவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு, காந்தம் பிடித்துக்கொள்ளும். வெள்ளீயச் சுரங்கத் தூர்வாரிக் கப்பல்களின் வாளி உதடும் மாங்கனீஸ்தான், ஆனால் அது வளைந்திருக்கும். மீதி இருப்பதில் எனக்கு உண்மையாகவே தயக்கம் தருவது ஒன்று உண்டு: கிரஷரிலேயே வேறு இடங்களில் பூட்டும் பக்கத் தகடுகளும், கல் சரியும் வழிகளில் போடும் தடுப்புத் தகடுகளும். அவற்றில் சிலவற்றுக்கும் வரி உண்டு. இரு முனைத் தேய்மானம் தாடைத் தகட்டையே காட்டுகிறது என்பது என் தீர்ப்பு. பின்பக்கம் முழுதும் தெரியும் படம் கிடைத்தால் அது மாறவும் கூடும்.

மாங்கனீஸின் இந்தக் காந்தம் ஒட்டாத குணம் எனக்கு ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று சொல்லாமல் போக முடியவில்லை. ஜொகூரில் ஒரு கல்லுடைப்பில், ஜா கிரஷரிலிருந்து அடுத்த கிரஷருக்குக் கல் போகும் பட்டையின்மேல் பெரிய காந்தம் ஒன்று தொங்கியது. ஆணி, போல்ட், உடைந்த கம்பி எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் மண்வெட்டி இயந்திரத்தின் பக்கெட் பல் ஒன்று கழன்று கல்லோடு சேர்ந்து வந்தது. அந்தப் பல்லும் மாங்கனீஸ் எஃகு. காந்தத்தின் அடியில் அது சும்மா கடந்துபோயிற்று. இரண்டாவது கிரஷருக்குள் அது விழுந்த ஓசையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மூன்று நாள் ஆலை நின்றது. அருகில் நின்ற யாருக்கும் காயமில்லை என்பது நாங்கள் செய்த பாக்கியம். அதற்குப் பிறகு, ஒவ்வொரு முறை கல் எடுத்து முடிந்ததும் பக்கெட்டின் பற்களை எண்ணிய பிறகுதான் இயந்திரத்தை ஓட்டவிடுவேன்.

இனி ‘எங்கிருந்து வந்தது’ என்பது. புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக், புக்கிட் தீமா முழுவதும் கருங்கல் மலைத் தொடர். இன்று லிட்டில் குவெய்லின் என்று நீங்கள் நடைப்பயிற்சி போகும் குளம் ஒரு கல்லுடைப்புப் பள்ளம்தான். ஹிண்ட்ஹீடு, டெய்ரி ஃபார்ம் பள்ளங்களும் அப்படியே. ஆகவே தேய்ந்த தகடு ஒன்று அருகிலேயே மண்ணுக்குள் போயிருப்பது இயல்பு. அதனால் இது அந்தக் குளத்திலிருந்து வந்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இது சிங்கப்பூர். இங்கே மண் இருந்த இடத்தில் இருப்பதில்லை. 1960-களில் கிழக்குக் கரையைக் கடலிலிருந்து மீட்க பெடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி, நகரும் பட்டையில் கடலுக்கு அனுப்பினார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் எழும்போது பள்ளத்தை நிரப்ப எங்கிருந்தெல்லாமோ லாரியில் மண் வந்தது. இரண்டடி ஆழம் என்பது பெரும்பாலும் நிரப்பு மண்ணின் ஆழம். பலகையைச் சுற்றி என்ன இருந்தது என்பதுதான் உதவும்: கூர்மையான ஜல்லியும் கல்தூளும் இருந்தால் கல்லுடைப்புக் குப்பை, உடைந்த ஓடும் செங்கல்லும் கண்ணாடியும் இருந்தால் எங்கிருந்தோ வந்து கொட்டியது. குழியை இன்னும் மூடவில்லை என்றால் அதன் சுவரைப் படமெடுத்து வையுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை கீழ் எல்லை மட்டும் உறுதி. 1882-க்கு முன் இந்த எஃகு உலகில் இல்லை. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு உபின் கருங்கல் போனது 1851-க்கு முன்பு. அது உளியும் சுத்தியும் கொண்டு கையால் வெட்டிய கல். அந்தக் காலத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜொகூர் பாலத்துக்கு 1919 முதல் உபினிலும் புக்கிட் தீமாவிலும் கல் எடுத்தார்கள். அதிலிருந்து, உபினின் கடைசிக் கல்லுடைப்பு 1999-இல் மூடப்படும் வரை எந்த ஆண்டாகவும் இது இருக்கலாம். துருவின் கனத்தை வைத்து வயது சொல்பவரை நம்ப வேண்டாம். நம் ஊர் ஈரத்தில், சதுப்பு மண்ணா சரளையா என்பதைப் பொறுத்து அது பல மடங்கு மாறும்.

விலை பற்றி: பழைய இரும்பு வாங்க வரும் கராங் குனிக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்துக் குழம்புவார். பழம்பொருளாகவும் பெரிய தொகை கிடைக்காது. ஆனால் வெட்டிப் பிரித்து விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மலைகளில் வெடி வைத்தும் கல் சுமந்தும் வாழ்ந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அவர்கள் கைபட்ட பொருட்களில் கண்ணெதிரே மிஞ்சியவை மிகக் குறைவு. தோட்டம் உங்கள் சொந்த நிலம் அல்ல என்பதால் நகர மன்றத்திடம் முதலில் சொல்லுங்கள். தேசிய மரபுடைமைக் கழகத்துக்கும் படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்.

சுத்தம் செய்ய அமிலம் வேண்டாம். பின்பக்கத்துச் சாம்பல் திட்டுகளைத் தொடாமல், கம்பித் தூரிகையும் தண்ணீரும் போதும். நன்றாக உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையின் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். வார்ப்புப் பட்டறையின் பெயரோ, பாக எண்ணோ, எடையோ புடைப்பு எழுத்தாக இருந்தால் அந்த நிழலில் எழும்பித் தெரியும். தெரியாவிட்டால் வெள்ளைக் காகிதத்தை விரித்து மேலே பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் கிடைத்தால்கூட அனுப்புங்கள். எந்த இயந்திரத்தின் தாடை என்பதைப் பழைய பாகப் பட்டியல்களில் தேடிப் பார்க்கிறேன். முன்பு என்னோடு வேலை செய்த இருவரிடம் இன்னும் சில பட்டியல்கள் இருக்கின்றன.